பதினெட்டாம் பகுதியில் ஒரு தர்பூசணி

மொன்டெவிடியோ தொலைக்காட்சி நிலையத்தில்
கழிவறையை ஒட்டி எனக்கொரு மேசை,
பதினொரு நோட்டுப் புத்தகங்கள்.
எந்தக் கையில் கோப்பை,
எத்தனை பொத்தான் திறந்திருந்தது,
சிகரெட் எதுவரை எரிந்தது:
காட்சிக்குக் காட்சி குறித்துவைப்பது என் உத்தியோகம்.
அப்படியும் கோட்டை விடுவேன்.
நான் கோட்டை விடுவதைப் பிடிக்க
கண்ணில் எண்ணெய் ஊற்றிக்கொண்டு
ஒரு நாடே உட்கார்ந்திருக்கும்.

டாக்டர் படியேறும்போது கடிகாரம் இடது கையில்
இறங்கும்போது வலது கையில். ஏன்?
நான்காம் வாரம் ஆற்றில் மூழ்கிச் செத்த தம்பி
இருபதாம் வாரம் புவெனஸ் ஐரெஸிலிருந்து
தந்தி அடிப்பது எப்படி?
ரிவேராவிலிருந்து ஒரு பள்ளி ஆசிரியர், சிவப்பு மையில்:
வக்கீல் வீட்டு நாயைக் காணோமே,
யார் அதற்குச் சோறு போடுகிறார்கள்?

தம்பி விஷயம் இதுதான்:
எழுத்தாளருக்குக் குடலிறக்கம்,
மீதியை எழுதியவர் அவர் மச்சினர்,
முதல் நான்கு வாரத்தை மச்சினர் பார்க்கவேயில்லை.
இதையா எழுதுவது?
'ஆறு எல்லாரையும் விழுங்குவதில்லை' என்று எழுதி
முத்திரை குத்தினேன்.
நாய்க்கு மட்டும் உண்மையைச் சொன்னேன். லாரி.
ஆசிரியர் அப்புறம் கடிதமே போடவில்லை.

ஆறு வருஷம் கழித்து மறு ஒளிபரப்பு.
மெர்செதஸ் ஊரிலிருந்து எதெல்வினா என்பவர்,
கட்டம் போட்ட தாளில்:
'பதினெட்டாம் பகுதி. பேருந்து நிறுத்தத்தில் நாயகி அழுகிறாள்.
பின்னால் ஒருவர் தர்பூசணி தூக்கிக்கொண்டு
இடது காலை லேசாக இழுத்து நடக்கிறார்.
அவருக்கும் கதைக்கும் என்ன சம்பந்தம்?
மறுபடி வருவாரா?'

வரமாட்டார் அம்மா, வழிப்போக்கர் என்று எழுதினேன்.

'என்ன தேதி?'
அவ்வளவுதான் அடுத்த கடிதம்.

ஏழாவது நோட்டு. எழுபத்தொன்று, பிப்ரவரி ஒன்பது,
செவ்வாய், மாலை நான்கு பத்து. கோடைக் காற்று.
நாயகி கைக்குட்டை வலது கையில்.
மூன்று முறை எடுத்தோம்.
இரண்டாவதில் மட்டும் அந்த ஆள்.
அதைத்தான் ஒளிபரப்பினோம்.

மூன்றாம் கடிதம் நீளம்.
அன்றைக்கு அவர் சால்ட்டோவில் ஆரஞ்சுக் கணக்குப் பார்த்தாராம்,
அப்படித்தான் சொல்லியிருந்தாராம்.
போன குளிர்காலத்தில் போய்ச் சேர்ந்துவிட்டாராம்.
'மோசம் போனேன் என்று சொல்ல வரவில்லை.
அவருக்குத் தர்பூசணி ஆகாது, உடம்பெல்லாம் தடிப்பு வரும்.
யாருக்கு அது?'

வீட்டுக்குப் போகாமல்
கிடங்கில் போய் டப்பாக்களைக் கிளறினேன்.
முதல் சுருளில் பேருந்து, ஒரு கிழிந்த சுவரொட்டி.
மூன்றாவது சுருளில்
நாயகியின் தோளுக்கு அந்தப் பக்கம், ஓரத்தில், ஒரு பெஞ்சு.
அதே ஆள். பழம் பிளந்தாயிற்று.
ஒரு கீற்றை எடுத்து
சட்டகத்துக்கு வெளியே நீட்டுகிறார்.
கை திரும்பி வருகிறது, காலியாக.
சிரிக்கிறார், பல்லெல்லாம் தெரிய.
அதோடு படம் முடிந்துவிடுகிறது.

ஓட்டினேன், மறுபடி ஓட்டினேன்.
ஒளிப்பதிவாளர் ஓமாரைக் கேட்டேன்:
அன்றைக்கு அந்தப் பக்கம் யார் இருந்தது?
'பெஞ்சா? எந்தப் பெஞ்சு?' என்றான்.
வேலை நேரம் முழுக்க
நான் பார்த்துக்கொண்டிருந்தது கைக்குட்டையை.

எழுதினேன், ஒன்றையும் ஒளிக்காமல்:
பெஞ்சு, கீற்று, காலிக் கை, சிரிப்பு.
வெளியே யார் என்று தெரியவில்லை.
அவர் அதில் ஒரு துண்டும் தின்னவில்லை,
நான் பார்த்த மட்டும்.
கடைசி வரியை எழுதி அடித்தேன்,
மறுபடி எழுதினேன்.

இன்று காலை பதில். ஒரே கேள்வி:
'பழம் நல்ல சிவப்பாக இருந்ததா?'

எங்கள் சுருள் கறுப்பு வெள்ளை.
ஏழாவது நோட்டில் பார்த்துவிட்டேன்,
நாயகி உடுப்பு இளநீலம், காலணி பழுப்பு,
பெஞ்சைப் பற்றி ஒரு வரி இல்லை.
தபால்காரன் ஐந்து மணிக்கு வருவான்.
முத்திரையை மைப்பெட்டியில் வைத்து
எடுக்காமல் இருக்கிறேன்.